இரண்டாம் நிலைக்குப் போன மனைவி

மகன் போனில் சொன்ன செய்தியில் இரண்டு பகுதிகள் இருந்தன. முதல் பகுதி, இத்தாலியில் தான் வேலை பார்க்கும் இடத்திலேயே ஒரு பெண்ணைப் பிடித்துப்போய்விட்டது, கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்பது. அதை அம்மா எப்போதோ மோப்பம் பிடித்திருந்தாள். இரண்டாவது பகுதிதான் வீட்டைக் கலக்கியது. பெண்ணைப் பெற்றவர்களுக்கு இத்தாலிய மொழியைத் தவிர வேறு பாஷை ஒரு சொல்கூடத் தெரியாது.

"சம்பந்தி முன்னாடி ஊமை மாதிரி நிக்கவா சொல்றே?" என்றார் அப்பா.

"நான் பக்கத்துல இருந்து சொல்றேன்பா. ஒவ்வொண்ணா மொழிபெயர்த்து."

"நான் பேசுறத நீ மொழிபெயர்த்தா அது நான் பேசினதாகுமா?"

அவர் பேச்சை நம்பியே பிழைத்தவர். சொந்தமாக டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தார். எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். காலையிலிருந்து பொழுது சாய்கிறவரை பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, "கிளட்ச்ச விடு, மெதுவா, மெதுவான்னா மெதுவா, கண்ணாடியப் பாரு, என் மூஞ்சியப் பாக்காதே" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வாய் ஓயாது. மனைவியின் வேலை நேர் எதிர். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். "மூச்ச நல்லா இழுங்க. அப்படியே பிடிங்க. அசையாதீங்க. ம், விடுங்க." இதைத் தாண்டி அவள் அங்கே பேச வேண்டியிருப்பது குறைவு. வீட்டிலும் அதைத் தாண்டிப் பெரிதாகப் பேசியதில்லை என்றுதான் மாஸ்டர் நினைத்திருந்தார். இவள் சுபாவமே அப்படி என்று சொந்தக்காரர்களிடம் பெருமையாகவும் சொல்வார்.

இத்தாலிய மொழி கற்றுக்கொள்ளலாம் என்று சொன்னது அவள்தான். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் பெரியவர்களுக்கான மொழி வகுப்பு நடப்பதை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் போர்டில் பார்த்திருந்தாள். இருவரும் முதல் நிலையில் சேர்ந்தார்கள். வகுப்பில் சுமார் பத்துப் பேர். கேக் கடை வைத்திருக்கும் ஒரு பெண், மேடையில் இத்தாலியப் பாட்டுப் பாட வேண்டும் என்று ஆசைப்பட்ட ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, மருந்துக்கடைக்காரர் ஒருவர். டீச்சர் அந்த நாட்டில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர். ஒல்லியான உடம்பு, வகுப்பு முழுக்க நின்றுகொண்டே இருப்பார்.

முதல் மாதம் மாஸ்டர்தான் வகுப்பின் நாயகன். எண்கள் சொல்லிக்கொடுத்த அன்று ஏழுக்கு "செத்தெ" என்றதும் அவரால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

"டீச்சர், லைசென்ஸுக்கு எட்டு போட வைக்கிறவன் நான். ஏழுலயே செத்துட்டா எப்படி எட்டு போடுறது?"

வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்தார். நாற்காலி பெண்பால், மேசை ஆண்பால் என்று வந்தபோது மாஸ்டர் வழக்குத் தொடுத்தார். "அஃறிணைக்கு ஏது டீச்சர் ஆம்பள பொம்பள? மேசை மீசையா வச்சிருக்கு?" கார் பெண்பால், பிரேக் ஆண்பால், கை பெண்பால், அதுவும் ஆண்பால் மாதிரி முடிகிற பெண்பால். அவர் ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று கேட்டார். டீச்சர் பொறுமையாகப் பதில் சொன்னார். மனைவி ஏன் என்று கேட்கவில்லை. பாத்திரம் கழுவும்போது உதடு அசைய எதையோ முணுமுணுத்துக்கொண்டிருப்பாள்.

பருவ முடிவில் ஒரு சிறு தேர்வு. முடிவு வந்த அன்று டீச்சர் மாஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சார், நீங்க வகுப்புல நல்லா பேசுறீங்க. ஆனா தமிழ்லதான் பேசுறீங்க."

மாஸ்டர் முதல் நிலையை இன்னொரு தடவை படிக்க வேண்டும். மனைவி, கேக் கடைப் பெண், மருந்துக்கடைக்காரர் எல்லோரும் இரண்டாம் நிலைக்குப் போனார்கள். டிரைவிங் டெஸ்டில் தோற்றவர்களுக்கு அவர் வழக்கமாகச் சொல்கிற ஆறுதல் ஒன்று உண்டு: "இன்னொரு தடவ ஓட்டினா கை இன்னும் பழகும்." அன்று மனைவி அதையே அவரிடம் சொன்னாள். கிண்டலாகச் சொல்லவில்லை. அதனால்தான் கூடுதலாக எரிந்தது.

இரண்டு வகுப்பும் ஒரே மாலையில், அடுத்தடுத்த அறைகளில். இரண்டாம் நிலைக்கு வேறொரு டீச்சர். நடுவில் பலகைத் தடுப்பு. மாஸ்டர் புதிதாக வந்தவர்களோடு உட்கார்ந்து மறுபடி "என் பெயர் இது, நான் நலம்" என்று ஆரம்பித்தார். தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வரும். முதலில் அவர் கவனிக்கவில்லை. ஒருநாள் யாரோ ஒரு பெண் மூச்சு விடாமல் பேசிக்கொண்டே போவது கேட்டது. ஏற்றம், இறக்கம், நடுவில் ஒரு நிறுத்தம், பிறகு எல்லோரும் சேர்ந்து சிரிக்கும் சத்தம். நல்ல வாயாடி போல என்று நினைத்தார். அந்தப் பெண்ணே சிரித்தபோதுதான் தூக்கிவாரிப்போட்டது. அந்தச் சிரிப்பின் கடைசியில் வரும் சின்ன விக்கல் அவருக்குத் தெரியும்.

வகுப்பு முடிந்து படியிறங்கும்போது மருந்துக்கடைக்காரர் மாஸ்டரின் தோளைத் தட்டினார்.

"உங்க வீட்டம்மா இன்னிக்கு அசத்திட்டாங்க சார். அந்தப் பஸ் கதை. பாதி புரிஞ்சும் புரியாமலும் கேட்டோம், ஆனா ஒருத்தரும் அசையல."

"எந்தப் பஸ்?"

"அதான் சார், தப்பான பஸ்ல ஏறி கடல்கரைக்குப் போனது. உங்களுக்குத் தெரியாததா!"

"ஆமாமா," என்றார் மாஸ்டர்.

கார் கிளம்பி இரண்டு தெரு தாண்டும்வரை பொறுத்தார். அதற்கு மேல் முடியவில்லை.

"ஊர்ல எல்லாருக்கும் தெரியுது, எனக்குத் தெரியல. என்ன பஸ்ஸு அது?"

"உங்ககிட்டயும் சொல்லியிருக்கேனே. கல்யாணமான புதுசுல."

"சொல்லியிருந்தா எனக்கு ஞாபகம் இருக்காதா?"

"முழுசா சொல்லல," என்றாள் அவள். "படிக்கிற காலத்துல லீவுக்கு வீட்டுக்கு வரும்போது பஸ் மாறி ஏறிட்டேன்னு ஆரம்பிச்சேன். எந்த ஸ்டாண்டுன்னு கேட்டீங்க. சொன்னேன். அங்கேருந்து அந்தப் பக்கம் பஸ்ஸே கிடையாதேன்னீங்க. உண்டுன்னேன். இல்லவே இல்லேன்னு படம் போட்டுக் காட்டினீங்க. அப்புறம் சாப்பாட்டு நேரம் ஆயிடுச்சு."

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

"அதுக்காக இத்தன வருஷமா சொல்லாமலே இருந்துட்டியா?"

"கோவிச்சுக்கிட்டு இல்லங்க. நீங்க பழகுறவங்க வண்டியில பக்கத்து சீட்டுலயும் ஒரு பிரேக் வச்சிருக்கீங்கல்ல, அவங்க மோதிடக் கூடாதுன்னு? அதே பழக்கத்துல என் பேச்சுக்கும் கால வச்சுடுவீங்க. நல்லதுக்குத்தான் வைக்கிறீங்க. எனக்குத்தான் ஒவ்வொரு தடவையும் முதல் கியர்லேருந்து கிளம்ப அலுப்பு."

"அங்க மட்டும் அலுப்பு இல்லையாக்கும்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அங்க எல்லாருமே முதல் கியர்லதான் போறோம். யாருக்கும் யாரையும் திருத்துற அளவுக்குத் தெரியாது."

"சரி, இப்ப சொல்லு. கேக்குறேன்."

"இப்ப வேணாங்க. சொல்லணும்னு தோணும்போது சொல்றேன்."

அவள் கோபமாக இருந்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். சமாதானம் செய்யத் தெரிந்தவர். அவள் வெளியே பார்த்துக்கொண்டு சாதாரணமாக உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு அவருக்கு வகுப்புக்குப் போவதே ஒரு மாதிரி ஆகிவிட்டது. வேலை இருக்கிறது என்று ஒரு வாரம் நழுவிப் பார்த்தார். அவள் "சரி" என்று பஸ் பிடித்துத் தனியாகப் போய்விட்டாள். வீட்டில் ஒண்டியாக உட்கார்ந்து சுவரிடம் பேசிப் பார்த்தவர், அடுத்த வாரம் அவளுக்கு முன்பே செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

பருவம் முடியும் தறுவாயில் டீச்சர் ஒரு கூட்டு வகுப்பு வைத்தார். தடுப்புப் பலகையை மடக்கி எல்லா நிலைக்காரர்களையும் ஒன்றாக உட்காரவைத்து, மேல் நிலையில் ஒருவர், கீழ் நிலையில் ஒருவர் என்று ஜோடி சேர்த்தார். மாஸ்டரையும் மனைவியையும் ஒரு ஜோடியாகவே போட்டார். வேண்டுமென்றே செய்தாரா, வரிசையில் அப்படி விழுந்ததா என்று தெரியவில்லை. மேல் நிலைக்காரர் தன் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். தமிழ் கூடவே கூடாது.

"கேக்குறவங்க பயப்பட வேண்டாம்," என்று டீச்சர் பலகையில் இரண்டு சொற்களை எழுதினார். "உங்களுக்கு இது போதும். 'எ போய்?' அப்படின்னா, 'அப்புறம்?'"

மாஸ்டருக்கு இது கரும்பு தின்னக் கூலி மாதிரி இருந்தது. "நம்ம 'போய்'தானே டீச்சர்! போய் என்ன ஆச்சுன்னு கேக்குறோமே, அதேதான்!"

"அதேதான் சார். இனிமே தமிழ் கூடாது."

மனைவியும் அவரும் இரண்டு நாற்காலிகளை எதிரெதிராகப் போட்டுக்கொண்டார்கள். முழங்கால்கள் கிட்டத்தட்ட இடித்தன. இப்படி எதிரில் உட்கார்ந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று அவருக்குத் தோன்றியது. காரில் பக்கத்தில், சாப்பாட்டு மேசையில் பக்கத்தில், டிவி முன்னால் பக்கத்தில்.

அவள் ஆரம்பித்தாள். "ஆவ்தோபுஸ்" என்ற சொல் வந்ததும் எந்தக் கதை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவளுக்கு இறந்தகாலம் வரும். அவருக்கு வராது. அதனால் அவளுடைய வினைச்சொற்கள் எல்லாம் வால் மாறி ஓடின. அவர் தெரிந்த பெயர்ச்சொற்களைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனார். பஸ். ஜன்னல். "தொர்மீத்தோ" என்றது தூக்கமாகத்தான் இருக்க வேண்டும், கையைக் கன்னத்தில் வைத்துக் காட்டினாள். கண்ணைத் திறந்தபோது "மாரே". கடல்.

"எ போய்?" என்றார்.

திரும்பிப் போகும் பஸ் மாலையில்தான். அவள் நடந்தாள். ஆரஞ்சுப் பழம் வாங்கினாள். கோடை லீவுப் பருவத்தில் ஆரஞ்சு எங்கிருந்து வந்தது என்று மாஸ்டருக்கு உடனே சந்தேகம் எழுந்தது. பருவம் என்பதற்கு என்ன சொல் என்று தேடினார். கிடைக்கவில்லை. அவர் தேடி முடிப்பதற்குள் அவள் ஆரஞ்சைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தாள். மணலில் உட்கார்ந்திருந்தாள், வலை உலர்த்தும் பெண்கள் யாரோ சிரித்தார்கள், அவள் பாடினாள். பாடினாளா? சத்தமாகவா? அதைக் கேட்கவும் சொல் இல்லை.

"எ போய்?"

அவள் பார்வை அவர் தோளுக்கு மேலே எங்கோ நின்றது. மெதுவாகச் சொன்னாள். அதில் ஒரே ஒரு சொல் மாஸ்டருக்கு நன்றாகத் தெரிந்தது, முதல் நிலையின் முதல் வாரத்தில் வந்த சொல். "ஃபெலீச்செ." சந்தோஷம். அவர் இல்லாத, அவரைப் பற்றி எதுவும் தெரியாத ஒரு நாளைப் பற்றி அவள் சொல்கிறாள். பொறாமை என்று சொல்ல முடியாது. பூட்டியே கிடக்கிற அறை என்று இருந்துவிட்ட இடத்தில் விளக்கு எரிவதைப் பார்த்தவர்போல இருந்தார்.

மூன்றாவது தடவை அவர் கேட்கவில்லை. அவளே முடித்தாள். பஸ் வந்தது, வீட்டுக்குப் போனேன், அம்மாவிடம் வகுப்பு இருந்தது என்று சொல்லிவிட்டேன் என்பதுபோல ஏதோ. பிறகு தமிழில், டீச்சருக்குக் கேட்காத குரலில், "அன்னிக்கு ஒரு நாள் நான் யாருக்கும் மகளும் இல்ல, யாருக்கும் தங்கச்சியும் இல்ல. நான் எங்க இருக்கேன்னு உலகத்துல ஒருத்தருக்கும் தெரியாதுங்க," என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். அந்த வழியில் பஸ் உண்டா இல்லையா என்பது அவருக்கு மறந்தே போயிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மகன் வீடியோவில் சம்பந்திகளைக் காட்டினான். சம்பந்தியம்மாள் சலவைக்கடை நடத்துபவர். நல்ல கட்டை குட்டையான உடம்பு, வலது மணிக்கட்டில் கட்டு. கடையில் வழுக்கி விழுந்துவிட்டாராம். சம்பந்தி தரைக்குக் கல் பதிக்கிறவர். திரையின் ஓரத்தில் காது மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தார்.

மாஸ்டர் மனப்பாடம் செய்துவைத்திருந்த நாலு வாக்கியங்களும் முதல் நிமிடத்திலேயே தீர்ந்துபோயின. "நான் கார் சொல்லிக்கொடுக்கிறேன்," என்றார். "நான் தரை போடுகிறேன்," என்றார் சம்பந்தி. "தரை நல்லது," என்றார் மாஸ்டர். அதோடு ஆண்கள் தரப்பு வாதம் முடிந்தது.

பெண்கள் இருவரும் பிடித்துக்கொண்டார்கள். மனைவி தப்பும் தவறுமாகத்தான் பேசினாள். ஆனால் நிற்கவில்லை. சம்பந்தியம்மாள் கட்டுப்போட்ட கையையும் ஆட்டி ஆட்டிப் பேசினார். நடுவில் மனைவி ஏதோ கேட்க, அந்த அம்மாள் "கொன்ஸுவோச்செரா!" என்று தன்னையும் இவளையும் மாற்றி மாற்றிக் காட்டினார். மனைவி கை தட்டிவிட்டாள்.

"என்னங்க, அவங்க பாஷையிலயும் சம்பந்திக்குன்னு தனியா ஒரு வார்த்த இருக்குங்க! நான்கூட நமக்கு மட்டுந்தான்னு நெனச்சேன்."

"பின்னே, அங்கேயும் பிள்ளைங்க கல்யாணம் பண்ணுதுங்கல்ல," என்றார் மாஸ்டர். அவருக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகு பேச்சு வேகமெடுத்தது. அவர் ஓரமாக உட்கார்ந்து பிடிபட்டதைப் பிடித்தார். "நான்." "வருகிறேன்." "ஒரு மாதம்." கடைசியாக, "தா சோலா." தன்னந்தனியாக. மகன் திரையில் அம்மாவையே வாயைப் பிளந்து பார்த்தான்.

திரை அணைந்ததும் மாஸ்டர் கேட்டார். "நீ கல்யாணத்துக்கு முன்னாடியே அங்க தனியாப் போறேன்னு சொன்னியா?"

"ஆமாங்க. அவங்களுக்குக் கை இப்படி இருக்கு. கல்யாண வேலை, கடை வேலை எல்லாம் கிடக்கு. எனக்கு லீவும் இருக்கு."

"என்கிட்ட ஒரு வார்த்த கேக்காமலா?"

"உங்க முன்னாடிதானே சொன்னேன்."

சண்டை போடலாமா என்று இரண்டு நாள் யோசித்தார். மூன்றாவது நாள் தன் பெட்டியை இறக்கி, சக்கரத்துக்கு எண்ணெய் விட்டு, அவள் அறையில் வைத்தார்.

விமான நிலையத்தில் வரிசை நீளமாக இருந்தது. அவருக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது: எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், பாஸ்போர்ட்டை எந்தப் பையில் வைக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "பயமா இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

"கொஞ்சம்."

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கினார்.

"பிளேனுக்கு இல்லங்க," என்றாள் அவள், வரிசையோடு ஒரு அடி நகர்ந்து. "அங்க போய் பேசிப் பேசிப் பழகிடுவேன். திரும்பி வந்து நம்ம வீட்டு வாசப்படிய மிதிக்கும்போது பழையபடி வாய் மூடிக்குமோன்னு இருக்கு. அதுதான்."

அப்படி ஆகாது என்று அவர் சொல்லியிருக்கலாம். உறுதியாகத் தெரியாததைச் சொல்ல அவருக்கு அன்று மனம் வரவில்லை. "நான் குறுக்க வந்தா சொல்லு," என்றார். "முதல் தடவையே நிறுத்திடுவேன்னு சொல்ல முடியாது. சொல்லிக்கிட்டே இரு."

அவள் சிரித்தாள், விக்கலோடு. உள்ளே போய்விட்டாள்.

அவள் இல்லாத மாதத்தில் மாஸ்டர் ஒரு வகுப்பையும் விடவில்லை. தேர்வும் எழுதினார். தேறியதாகத்தான் டீச்சர் சொன்னார், சொல்லும்போது கொஞ்சம் யோசித்தார். இரண்டாம் நிலை தொடங்குவதற்குள் அவர் கல்யாணத்துக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. ஆக, இறந்தகாலம் இல்லாமலேதான் போய் இறங்கினார்.

அங்கே அவர் பார்த்தது வேறொரு பெண் இல்லை. அதே மனைவிதான், அதே நீலச் சேலைதான். ஆனால் சலவைக்கடை வாசலில் நின்று தெருவில் போகிற ஒருவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, ஏதோ சொல்லிச் சிரித்து அனுப்பினாள். சம்பந்தியம்மாளுக்கும் அவளுக்கும் ஒரே சமயத்தில் பேசவும் கேட்கவும் முடிந்தது. மாஸ்டர் சம்பந்தியோடு உட்கார்ந்திருப்பார். அவர் புதிதாகப் பதித்த தரைகளைக் காட்டுவார். இவர் குனிந்து கையால் தடவிப் பார்த்துத் தலையாட்டுவார். இருவருக்கும் பிடித்துப்போயிற்று.

கல்யாணத்துக்கு மறுநாள் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது மருமகள் மகனிடம் ஏதோ சொன்னாள். மகன் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் புரையேறி, மேசை முழுக்கத் தெறித்தது.

"என்னடா?"

"அப்பா, நீங்க எவ்வளவு அமைதியான மனுஷன், ஒரு வார்த்த அதிகம் பேசுறதில்லன்னு இவங்க சொந்தக்காரங்க எல்லாம் சொல்றாங்களாம்!"

மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாட்சிக்கு அம்மாவைப் பார்த்தான். அம்மா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மருமகளைப் பார்த்து, ஆமாம், ரொம்ப அமைதி என்று இத்தாலிய மொழியில் சொல்லிவிட்டு ரொட்டியை எடுத்துப் பிட்டாள். மேசையில் இருந்த எல்லோரும் மாஸ்டரைப் பரிவோடு பார்த்தார்கள். மறுக்க வேண்டும்போல இருந்தது அவருக்கு. மறுப்பதற்கு முன் வினைச்சொல்லைத் தேட வேண்டியிருந்தது. அதற்குள் சம்பந்தி அவர் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தார்.

மாலையில் இருவரும் காலாற நடந்தார்கள்.

"ஏன் அப்படிச் சொன்னே?"

"பொய்யா சொன்னேன்? வந்த நாளா அப்படித்தானே இருக்கீங்க."

"அது பாஷை வராததால. எனக்குள்ள எவ்வளவு கிடக்குன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியுமே. அதான் சிரிப்பா இருந்துச்சு," என்றாள் அவள். கொஞ்ச தூரம் போனபிறகு, "என்னையும் நம்ம சொந்தக்காரங்க எல்லாம் அப்படித்தாங்க சொன்னாங்க," என்றாள்.

மாஸ்டர் நின்றார். எதிரே ஒரு கடையை அடைத்துக்கொண்டிருந்தார்கள். இரும்புக் கதவு பாதியில் சிக்கி, கடைக்காரர் அதைத் திட்டி மேலே தள்ளி மறுபடி இழுத்தார். அது இறங்கி முடிக்கிறவரை அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இந்த ஒரு மாசம் இங்க என்னெல்லாம் நடந்துச்சு?" என்று கேட்டார்.

"அது பெரிய கதைங்க."

"சொல்லேன்."

அவள் நடந்துகொண்டே சொல்ல ஆரம்பித்தாள், தமிழில். ஏறிய விமானத்தில் பக்கத்து இருக்கையில் யார் உட்கார்ந்திருந்தார் என்பதிலிருந்து. தெருக்கோடிக்கு வருவதற்குள் மாஸ்டர் ஒருமுறை வாயைத் திறந்தார். அவள் நின்று அவரைப் பார்த்தாள். அவர் மூடிக்கொண்டார். அவள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.